ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: அன்று ஏன் கண்டுகொள்ளவில்லை, இன்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

"ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வெளியானபோது படுத்துவிட்டது என்கிறார்கள். இப்போது அதுவே சண்டை கேம்களின் உச்சம் என்றும் சொல்கிறார்கள். 2004-இல் வந்த அந்த ஒரு வீடியோவால் வந்த பெயரா, இல்லை உண்மையிலேயே நல்ல கேமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதற்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று படுகிறது. ஒரு கேமைப் பற்றிய தீர்ப்பு எப்படித் தலைகீழாகப் புரள்கிறது? அன்றைய ஆட்கள் தவறா, இன்றைய ஆட்கள் தவறா? இரண்டு கூட்டமும் ஓரளவு சரிதான் என்பது என் பதில். அவர்கள் தீர்ப்புச் சொன்னது ஒரே விஷயத்தைப் பற்றி அல்ல. முன்னவர்கள் ஒரு தொடர்ச்சியைத் தீர்ப்பிட்டார்கள். பின்னவர்கள் ஒரு ஆட்டத்தைத் தீர்ப்பிட்டார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சண்டை கேம்களில் அடி எப்போது படும், எவ்வளவு நேரம் நீடிக்கும், எந்த அசைவுக்கு எத்தனை படங்கள் என்று சரிபார்க்கும் வேலையைச் சில வருடங்கள் செய்திருக்கிறேன். இந்த கேமை இருபது வருடத்துக்கும் மேலாக ஆடுகிறேன். பெரிய போட்டிகளில் ஜெயிக்கும் அளவுக்கு ஒருநாளும் ஆடியதில்லை. இதைச் செய்த கேப்காம் நிறுவனத்துக்குள்ளும் நான் இருந்ததில்லை. அதனால் ஆட்டம் எப்படி இயங்குகிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். மக்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்லும்போது அதை என் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 என்பது ஒரு கேம் அல்ல, மூன்று. 'நியூ ஜெனரேஷன்' 1997 தொடக்கத்தில் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கடைகளில், வந்தது. அதே வருடக் கடைசிக்குள் '2nd இம்பாக்ட்' வந்தது. 'தேர்ட் ஸ்ட்ரைக்' 1999-இல் வந்தது. படுத்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைச் சொல்கிறார்கள். கொண்டாடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மூன்றாவதைச் சொல்கிறார்கள். குழப்பத்தில் பாதி இதைப் பிரித்துப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு 1991-க்குப் போக வேண்டும். அகிரா நிஷிதானியும் அகிரா யசுதாவும் வடிவமைத்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அந்த வருடம் வந்து, ஆர்கேட் தொழிலையே புரட்டிப்போட்டது. வீட்டுக்கு வந்த சூப்பர் நிண்டெண்டோ பதிப்பு மட்டும் 63 லட்சம் விற்றது. அதற்கு அடுத்த கேமுக்கு '3' என்று பெயர் வைக்க நிறுவனத்துக்கு ஆறு வருடம் ஆனது. நடுவில் என்ன செய்தார்கள் என்றால், '2'-ஐயே திரும்பத் திரும்பத் திருத்தி விட்டார்கள்: சாம்பியன் எடிஷன், ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர், சூப்பர் டர்போ. 1994-க்குள் ஐந்து பதிப்புகள். கேப்காமுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்று ஆட்டக்காரர்கள் கிண்டலடித்த காலம் அது. அப்புறம் 1995-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா, 1996-இல் ஆல்ஃபா 2, அதே வருடம் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். வருடக் கடைசியில் நிஷிதானி வெளியே போய்த் தொடங்கிய அரிகா நிறுவனம் செய்த முப்பரிமாண ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஈஎக்ஸ் வேறு. ஆக, '3' வந்து நின்றபோது அதற்கு முதல் போட்டி அதன் உடன்பிறப்புகளே. தொடரின் நாயகன் ரியூவைப் பார்க்க வேண்டுமென்றால் அதே ஆர்கேடில் மூன்று நான்கு இடத்தில் பார்க்கலாம். பசியோடு யாரும் காத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தகவல் முக்கியம். இந்த கேம் தொடங்கியபோது அது ஸ்ட்ரீட் ஃபைட்டராகவே திட்டமிடப்படவில்லை. புதிய ஆட்களோடு புதிய சண்டை கேம் ஒன்றாகத்தான் தொடங்கினார்கள், ரியூவும் கென்னும் பிறகே சேர்ந்தார்கள் என்று அதில் வேலை செய்தவர்கள் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். வெளிவந்த கேமைப் பார்த்தாலே இது நம்பும்படி இருக்கிறது. தேர்வுத் திரையில் பத்து கட்டங்கள். அதில் தெரிந்த முகம் இரண்டே இரண்டு. நாயகன் போல முன்னால் நிற்பவன் அலெக்ஸ் என்ற புதியவன். சுன்-லி இல்லை, கைல் இல்லை, பைசன் இல்லை. யுன், யாங் என்ற இரட்டையர்கள் இருவரும் ஒரே கட்டத்துக்குள் அடக்கம்.

பழைய ஆட்களைத் தூக்கியதுதான் தோல்விக்குக் காரணம் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. அதே 1997-இல், ஏறக்குறைய அதே மாதங்களில், நம்கோவின் டெக்கன் 3 வந்தது. அவர்களும் கதையை இருபது வருடம் போல முன்னால் தள்ளி, பழைய ஆட்களில் பெரும்பாலோரை வெளியே அனுப்பிவிட்டு ஜின், ஹ்வோராங், எடி, ஷியாவ்யு என்று புதியவர்களைக் கொண்டுவந்தார்கள். அது அந்தத் தொடரின் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. வித்தியாசம் எங்கே? டெக்கன் 3-இல் ஆள் மாறினான், கை மாறவில்லை. பழைய பேக் ஆடியவருக்கு அவர் சீடன் ஹ்வோராங் இருந்தான். அப்பா லா போன இடத்தில் மகன் லா வந்தான். கசூயாவின் குத்துகளை ஜின் வைத்திருந்தான். முகமூடி போட்ட கிங்குக்குப் பதில் அதே முகமூடியில் இன்னொரு கிங். மூன்று வருடப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அப்படியே உட்கார்ந்து ஆடலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இலும் வாரிசுகள் மாதிரி சிலர் உண்டு. டட்லி குத்துச்சண்டைக்காரன், நெக்ரோ, தால்சிம் போலக் கையை நீட்டுவான், பிளாங்கா போல மின்சாரம் பாய்ச்சுவான். ஆனால் முகம் மட்டும் வாரிசு, ஆடும் முறை வேறு. உட்கார்ந்து காத்திருந்து, தூரத்திலிருந்தே ஆற்றல் அலைகளை எறிந்து எறிந்து ஆளை அடக்கும் கைல் ஆட்டக்காரருக்கு அந்தப் பத்து கட்டத்தில் வீடே இல்லை.

வீடு இல்லாமல் போனது தற்செயல் அல்ல. அந்த ஆட்ட முறையையே உடைக்கும் ஒரு விதியைத்தான் கேமின் நடுவில் வைத்திருந்தார்கள். அதுதான் பேரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

சண்டை கேமில் தடுப்பது என்றால் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது. பாதுகாப்பானது, ஆனால் முன்முயற்சி எதிரியிடமே இருக்கும். ஹடோகென் (கையிலிருந்து எறியும் ஆற்றல் பந்து) போன்ற சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் ஹெல்த் கரையும். பேரி இதற்கு நேர் எதிர். அடி உங்கள் மேல் படுவதற்குச் சற்று முன்னால் ஜாய்ஸ்டிக்கை எதிரியை நோக்கி ஒரு தட்டு தட்ட வேண்டும். கீழ் அடி என்றால் கீழே தட்ட வேண்டும். சரியாக விழுந்தால் ஹெல்த் துளியும் குறையாது, உங்கள் ஆள் எதிரியை முந்திக்கொண்டு அசையத் தயாராகிவிடுவான். அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 10 ஃப்ரேம், அதாவது திரையில் ஓடும் பத்து படங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில், ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. சும்மா தட்டிக்கொண்டே இருந்தாலும் பலிக்காது, ஒரு தட்டு வீணானால் அடுத்ததற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். முன்னால் தட்டும்போது பின்னால் பிடித்திருக்க முடியாது என்பதால், கணக்கு தப்பினால் முழு அடியும் உங்கள் மேல்.

படிக்கும்போது இது தற்காப்புக்கு ஒரு கூடுதல் வசதி போலத் தெரியும். உண்மையில் இது தாக்குபவரின் தலைவலி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஒருவர் குதித்து வந்தால், மேலே எழும்பிக் குத்தும் ஷோர்யூகென் போடுவது என்பது அறிவு. சரியாகப் போட்டால் சரியான பலன். இங்கே குதித்து வருபவர் காற்றிலேயே உங்கள் ஷோர்யூகெனைப் பேரி செய்யலாம். செய்துவிட்டால் கீழே இறங்கி உங்களை நொறுக்குவார். எனவே அவர் பேரிக்குத் தட்டுவார் என்று ஊகித்தால் நீங்கள் அடிக்காமல் இருந்து, அவர் தரையிறங்கியதும் பிடித்து எறியலாம். ஆளைப் பிடித்து எறிவதைப் பேரி செய்ய முடியாது. அதை அவர் எதிர்பார்த்தால் இறங்கும்போதே அடிப்பார். ஹடோகென் எறிந்து தூரத்தில் நிறுத்தும் உத்தி ஏறக்குறைய செத்துப்போகிறது. எறிந்ததை அவர் தட்டிவிட்டு நடந்தே வருவார். சுருக்கமாக, பழைய கேமில் 'சரியான விடை' இருந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே 'ஊகிக்க வேண்டிய விடை' வந்துவிட்டது.

ஆறு வருடம் உழைத்து அந்தச் சரியான விடைகளைக் கற்றவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? சேர்த்து வைத்த பணம் செல்லாது என்று ஒரே இரவில் அறிவித்தது மாதிரி. பழைய ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் இன்றும் இந்த கேமை மன்னிக்கவில்லை, அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. தூரத்தை ஆள்வது ஒரு கலை. அந்தக் கலையை இந்த கேம் மதிக்கவில்லை.

புதிதாக வருபவருக்கு? அவருக்கு இன்னும் மோசம். ஆர்கேடில் காசு போட்டு ஆட வேண்டும், தோற்றால் எழுந்துபோக வேண்டும். எதிரே இருப்பவர் கொஞ்சம் தேர்ந்தவர் என்றால் ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பேரி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும், தன்னை நோக்கி வரும் அடியை நோக்கி முன்னால் தட்ட வேண்டும் என்பது உடம்புக்கு ஒவ்வாத காரியம். எனக்கே ஹடோகெனைத் தவிர வேறு எதையும் நம்பிக்கையோடு பேரி செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் வீட்டில், காசு செலவில்லாமல், மணிக்கணக்கில் பயிற்சி செய்து. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் ஆழம் இப்படி முகத்தில் அறையவில்லை. அதில் காம்போ, அதாவது அடுத்தடுத்து இணையும் அடித்தொடர், என்பதே தற்செயலாக வந்தது. கார் உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது அடிகள் ஒன்றோடொன்று இணைவதை நோரிடாகா ஃபுனமிசு கவனித்தார், இதை யாரும் சரியான நேரத்தில் செய்ய மாட்டார்கள் என்று நினைத்து அப்படியே விட்டார்கள். ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். '3' தன் ஆழத்தை வாசலிலேயே கட்டணமாகக் கேட்டது.

இன்னொரு சுமை வன்பொருள். கேம் சிபிஎஸ்-3 என்ற புதிய சர்க்யூட் பலகையில் வந்தது. சிடியிலிருந்து தரவை ஏற்றும், திருட்டு நகலைத் தடுக்கப் பாதுகாப்பு கார்ட்ரிட்ஜ் உண்டு. அதற்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் பலகை கேமை ஓட்டாது. இந்தப் பலகையில் மொத்தமே ஆறு கேம்கள்தான் வந்தன. அதில் மூன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் பதிப்புகள், இரண்டு ஜோஜோ கேமின் பதிப்புகள், மீதி ஒன்று ரெட் எர்த். அந்த எண்ணிக்கையே கதையைச் சொல்லிவிடும். பக்கத்தில் வர்ச்சுவா ஃபைட்டர் 3-ம் டெக்கன் 3-ம் முப்பரிமாணத்தில் மின்னிக்கொண்டிருக்கும்போது, விலை கூடிய புதிய பலகையில் வரும் கையால் வரைந்த இருபரிமாண கேமை வாங்கச் சொன்னால் கடைக்காரர் யோசிப்பார்தானே.

அந்த வரைகலையைப் பற்றிப் பேசாமல் நகர மனம் வரவில்லை. எலினா சும்மா நிற்கும்போதுகூட நிற்கமாட்டாள். பிரேசிலின் கபோய்ரா சண்டைக் கலையின் தாளத்தில் கால் மாற்றி ஆடிக்கொண்டே இருப்பாள். டட்லி தோள் குலுக்குவதில் ஒரு கனவானின் திமிர் தெரியும். அலங்காரம் என்று பார்த்தால் ரசித்துவிட்டுப் போகலாம். என் தொழிலிலிருந்து பார்த்தால் இதில் வேறொரு வித்தை இருக்கிறது. அசைவுக்கு நிறைய படங்கள் சேர்த்தால் அழகு கூடும், ஆனால் பட்டனை அழுத்தியதும் அடி பாயாது. கேம் சேற்றில் நடப்பது போல ஆகிவிடும். புதிதாக வேலைக்கு வரும் அனிமேட்டர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இந்த கேமில் அடி வெளியே போகும் பகுதியைக் கஞ்சத்தனமாக, சில படங்களோடு வைத்துவிட்டு, அடித்த பிறகு கையும் உடையும் தலைமுடியும் பழைய இடத்துக்குத் திரும்பும் பகுதியில் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள். அதனால் பார்க்கத் தண்ணீர் மாதிரி ஓடும், ஆடக் கத்தி மாதிரி இருக்கும். அன்றைய பத்திரிகைகளும் இந்த அசைவுகளைப் பாராட்டவே செய்தன. பாராட்டிவிட்டு, "ஆனால் இன்னும் இருபரிமாணம்தானே" என்பது போன்ற ஒரு அலுப்போடு முடித்தன. அந்தக் காலத்தின் மனநிலை அது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. அன்று எல்லோர் வீட்டிலும் இருந்த பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். இவ்வளவு படங்களை அதில் அடைப்பது யானையைப் பானைக்குள் இறக்குவது மாதிரி. 16 மெகாபைட் கொண்ட ட்ரீம்காஸ்ட் கன்சோல் வந்த பிறகுதான் முதல் இரண்டு பதிப்புகளும் 'டபுள் இம்பாக்ட்' என்று ஒன்றாக வந்தன, 1999 கடைசியில் ஜப்பானிலும் 2000-இல் மற்ற இடங்களிலும். ஏறக்குறைய மூன்று வருட தாமதம். தேர்ட் ஸ்ட்ரைக் 2000-இல் ட்ரீம்காஸ்டுக்கு வந்தது, அடுத்த வருடமே அந்த கன்சோலின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பயிற்சி இல்லாமல் ரசிக்க முடியாத கேமுக்கு, பயிற்சி செய்ய ஒரு வீடு கிடைப்பதே இவ்வளவு இழுபறி. என்னைக் கேட்டால், ஆட்கள் மாறியதைவிட இது பெரிய காரணம். இதை நிரூபிக்க முடியாது; பிளேஸ்டேஷனுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியாதல்லவா.

சரி, நடுவில் கேமும் மாறியது. 2nd இம்பாக்ட் யுன்னையும் யாங்கையும் பிரித்தது, ஹ்யூகோவையும் யூரியனையும் அகுமாவையும் சேர்த்தது, சிறப்பு அடிகளுக்கு ஈஎக்ஸ் என்ற வலுவான வடிவம் கொடுத்தது. அந்த ஈஎக்ஸ் அடிகள் இன்றுவரை அந்தத் தொடரை விட்டுப் போகவில்லை. தேர்ட் ஸ்ட்ரைக் சுன்-லியைத் திரும்பக் கொண்டுவந்தது, மகோடோ, க்யூ, ட்வெல்வ், ரெமி என்ற புதியவர்களைக் கொடுத்தது. அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் பேரி செய்யும் சிவப்புப் பேரியும் அப்போது வந்தது. அதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மூன்று ஃப்ரேம்தான், என்னிடம் கேட்காதீர்கள். ஹிதேகி ஒகுகாவாவின் இசையும் ஹிப்-ஹாப் பக்கம் சாய்ந்தது. தேர்வுத் திரையில் ஒலிக்கும் ராப்பைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் முணுமுணுக்காதவர்களை நான் பார்த்ததில்லை. ரெமி, கைல் ஆட்டக்காரர்களுக்கான தாமதமான மன்னிப்புக் கடிதம் என்பது என் எண்ணம். தூரத்திலிருந்து எறிபவன். ஆனால் பேரி இருக்கும் உலகில் எறிபவன் பாவம். அவனைப் பலவீனமான ஆட்களின் பக்கமே வைப்பார்கள்.

இப்போது அந்த வீடியோ. 2004 ஆகஸ்ட் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டி. தோற்றோர் பிரிவின் இறுதி ஆட்டத்தில் டைகோ உமேஹரா கென், ஜஸ்டின் வாங் சுன்-லி. உமேஹராவிடம் ஹெல்த் நூலளவுதான் மிச்சம். எந்தச் சிறப்பு அடியைத் தடுத்தாலும் அந்தக் கரைச்சலிலேயே செத்துவிடுவார். வாங் சுன்-லியின் சூப்பர் ஆர்ட்டை, அதாவது பல அடிகள் கொண்ட அவளுடைய மிகப் பெரிய தாக்குதலை, விடுகிறார். உமேஹரா 15 அடிகளையும் பேரி செய்கிறார், கடைசி அடியைக் குதித்துக் காற்றில். இறங்கியதும் ஒரு காம்போ, கென்னின் சூப்பர், ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழுந்து கத்துகிறது. முதல் அடியைக் கண்ணால் பார்த்துத் தட்ட நேரம் இல்லை; வாங் இதை விடத்தான் போகிறார் என்று உமேஹரா முன்பே கணித்திருக்க வேண்டும். 'எவோ மொமென்ட் 37' என்று அந்தக் காட்சிக்குப் பெயர் வந்தது. அந்த 37 சும்மா போட்ட எண், இதற்கு முன்னால் 36 இருந்தது போல ஒரு தோற்றத்துக்காக. பலர் மறந்துவிடும் ஒரு விஷயம்: அந்தப் போட்டியில் உமேஹரா முதலிடம் பெறவில்லை. இறுதியில் யுன்னை வைத்து ஆடிய கெஞ்சி ஒபாடாவிடம் தோற்றார்.

அந்த வீடியோவால்தான் பெயர் வந்ததா? பெயர் பரவியது அதனால்தான், இதில் எனக்குச் சந்தேகமில்லை. சண்டை கேமே ஆடாதவருக்கும் அந்த ஒரு நிமிடம் புரியும்: செத்துப்போக வேண்டியவன் ஒவ்வொரு அடியாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கிறான். பேரியை விளக்க நான் மேலே செலவழித்த பத்திகளைவிட அந்தக் காட்சி நன்றாக விளக்கிவிடும். ஆனால் மதிப்பு அதற்கு முன்பே உருவாகிவிட்டது. ஜப்பானில் ஆர்கேட் ஆட்டக்காரர்கள் இந்த கேமை விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். தேர்ட் ஸ்ட்ரைக்குக்கு மட்டுமே குழு குழுவாக மோதும் கோஆபரேஷன் கப் என்ற போட்டி அங்கே வருடக்கணக்கில் நடந்தது. வெளியாகி ஐந்து வருடம் கழித்தும் எவோ மேடையில் இந்த கேம் இருந்ததால்தான் அந்த வீடியோவே பிறந்தது. வந்த நாளில் செத்த கேமுக்கு ஐந்து வருடம் கழித்து அப்படி ஒரு கூட்டம் இருக்காது.

அதைவிடப் பெரிய மாற்றம் அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் நடந்தது. 2006-இல் டோனி கேனன் ஜிஜிபிஓ என்ற இணைய ஆட்ட நுட்பத்தை வெளியிட்டார். எதிரி என்ன அழுத்துவார் என்பதை முன்கூட்டி ஊகித்து ஓட்டிவிட்டு, தவறானால் பின்னோக்கிப் போய்த் திருத்தும் முறை. ஆறில் ஒரு நொடிக்குள் தட்ட வேண்டிய கேமுக்கு இது இல்லாமல் இணைய ஆட்டம் சாத்தியமே இல்லை. 2011-இல் வந்த தேர்ட் ஸ்ட்ரைக் ஆன்லைன் எடிஷன் இதைப் பயன்படுத்தியது. பின்னாளில், பழைய ஆர்கேட் கேம்களை இணையத்தில் ஆடும் தளமான ஃபைட்கேடிலும் மிக அதிகம் ஆடப்படும் கேம்களில் ஒன்று இதுவானது. 1997-இல் இந்த கேமுக்கு இல்லாமல் போன மூன்றும் அப்போது கிடைத்தன: காசில்லாத பயிற்சி, தன் நிலைக்கு ஒத்த எதிரி, போதுமான நேரம். கேம் நல்லதாக மாறவில்லை. அதை ஆடும் சூழல் அதற்கு ஏற்றதாக மாறியது.

ஏக்கம் துளியும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இன்று இதைப் பற்றிப் பேசுபவர்கள் இதிலேயே தங்கிவிட்டவர்கள், நான் உட்பட. வெறுத்துப் போனவர்கள் இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து கட்டுரை எழுதுவதில்லை. அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள். குறைகளையும் யாரும் மறைக்கக் கூடாது. ஆட்களின் சமநிலை மோசம். சுன்-லி, யுன், கென் மூவரும் ஒரு தட்டில், மற்றவர்கள் அதற்குக் கீழே. ஷான் இருக்கிறானே, அவனை எடுப்பதே ஒரு விரதம். போட்டியின் கடைசிக் கட்டங்களில் அதே மூன்று முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும். யுன்னின் கென்யெய் ஜின் என்ற சூப்பர் ஓடத் தொடங்கினால் சில நொடிகளுக்கு நீங்கள் வேடிக்கை பார்ப்பவர் மட்டும்தான். இதையெல்லாம் பேரி ஓரளவு சமன் செய்கிறது, எந்தப் பலவீனமான ஆளுக்கும் எந்த அடிக்கும் கோட்பாட்டளவில் ஒரு பதில் இருக்கிறது என்பதால். கோட்பாட்டளவில் என்று அழுத்திச் சொல்கிறேன்.

நிறுவனம் இதிலிருந்து என்ன கற்றது என்பதை அவர்கள் அடுத்து செய்ததிலிருந்து படிக்கலாம். தேர்ட் ஸ்ட்ரைக்குக்குப் பிறகு எண்ணிட்ட அடுத்த கேம் வர ஒன்பது வருடம் ஆனது. யோஷினோரி ஓனோ தயாரித்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4, 2008-இல் ஆர்கேடிலும் 2009-இல் கன்சோலிலும் வந்தபோது '2'-இன் பன்னிரண்டு பேரும் திரும்ப இருந்தார்கள், பேரி இல்லை. 2016-இல் வந்த 5-இல் பேரி ரியூவின் தனித் திறமையாக மட்டும் எட்டிப்பார்த்தது. 2023-இல் வந்த 6-இல் அது எல்லோருக்கும் திரும்பியது, ஆனால் கவனியுங்கள், எப்படித் திரும்பியது என்று. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாலே அடிகளை வாங்கிக்கொள்ளும், அதற்கு ஒரு சக்திப் பட்டை கரையும். சரியாக அந்த நொடியில் அழுத்தினால் மட்டும் பெரிய பலன். புதியவர் பிடித்துக்கொள்ளலாம், தேர்ந்தவர் தட்டலாம். 1997-இல் வாசலில் நின்று கட்டணம் கேட்ட அதே யோசனைக்கு இப்போது ஒரு சரிவுப் பாதை கட்டியிருக்கிறார்கள்.

நீங்களே ஆடிப் பார்ப்பதாக இருந்தால் 2018-இல் வந்த 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் மூன்று பதிப்புகளும் இருக்கின்றன, தேர்ட் ஸ்ட்ரைக்கை எடுங்கள். முதல் வாரம் பேரியைத் தொடவே வேண்டாம். கென்னை எடுத்து, தடுக்கவும் ஆளைப் பிடித்து எறியவும் பழகுங்கள். இரண்டாவது வாரம் பயிற்சி முறையில் எதிராளியை ஹடோகென் மட்டும் எறியவைத்து அதைத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் கையை எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான். உங்களைப் போலவே புதிதாகத் தொடங்கும் ஒரு நண்பர் இருந்தால் அவரோடு மட்டும் ஒரு மாதம் ஆடுங்கள். ஃபைட்கேடில் முதல் நாளே போய் உட்காராதீர்கள், அங்கே இருப்பவர்கள் இதை இருபது வருடமாக ஆடுகிறார்கள்.